அவள் சொன்னாள், நான் சொல்லவில்லை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் பம்பாய் மாதுங்காவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். நான் இன்டர் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறு எண்ணமே கிடையாது. சாப்பாட்டில் வெண்டைக்காயைப் பார்த்தால்கூடக் குறுக்கே வெட்டிப் படம் போட்டுப் பார்க்கிற பைத்தியம்.

ஆனால் மார்க்கு? மோசமில்லை, அவ்வளவுதான். உள்ளூர்க் கல்லூரிகளில் அந்த மார்க்குக்கு இடம் கிடைக்காது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. வெளியூரில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே மார்க்கோடு நேர்முகத் தேர்வும் வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். பெயர் வேண்டாமே. நான் அவர்களுக்குச் செய்த காரியத்துக்கு, பெயரை வேறு இழுப்பது நியாயமில்லை.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மாமா இருந்தார். அவருடைய மருமான் அதே கல்லூரியில் இடம் வாங்கியிருந்தான். அந்த ஒரே தகுதியில் மாமா நேர்முகத் தேர்வு நிபுணராகிவிட்டார். "மார்க் எல்லாரும்தான் வாங்கறா. படிப்புக்கு வெளியில என்ன பண்ணினேன்னுதான் அங்க கேப்பா. சர்ட்டிபிகேட் வேணும். கட்டா வேணும்" என்று விரல்களால் கனம் காட்டினார்.

அன்று சாயங்காலமே அப்பா பட்டியல் போட உட்கார்ந்துவிட்டார். அவர் கோட்டை என்கிற ஆபீஸ் பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. எதையும் டைப் அடித்து நாலு கார்பன் காப்பி எடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. பாட்டு, வளையம் வீசி விளையாடும் டென்னிகாய்ட், முதலுதவி வகுப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, "வேற என்னடி தெரியும் நோக்கு?" என்றார்.

"நன்னா வாயாடத் தெரியும். அதையும் சேர்த்து அடிச்சுடுங்கோ" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அப்பா சிரிக்கவே இல்லை. 'டிபேட்' என்று எழுதிக்கொண்டார்.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு வாய் நீளம். கட்டடத்தில் எனக்கு ரேடியோ என்றே பெயர். தமிழ், இந்தி, மராட்டி, இங்கிலீஷ் நான்கிலும் நிறுத்தாமல் பேசுவேன். இதை முக்கியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

பட்டியலில் சமூக சேவைக்கு நேரே மட்டும் காலியாக இருந்தது. அதற்கும் மாமாவே வழி சொன்னார். தாராவியில் ஒரு தர்ம டிரஸ்ட் ஞாயிற்றுக்கிழமை தோறும் இலவச மருத்துவம் நடத்துகிறது, டாக்டர் மராட்டிக்காரர், அங்கே வருகிற பெண்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்றார். "ஒரு வருஷம் போனா டாக்டரே கைப்பட எழுதித் தருவார். அந்த ஒரு காகிதம் போறும், மத்ததெல்லாம் சும்மா."

அப்படித்தான் நான் தாராவிக்குப் போனேன். சேவை செய்யும் ஆசையில் போனேன் என்று பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பொய். காகிதத்துக்குத்தான் போனேன்.

ஒரு முனிசிபல் பள்ளிக்கூடத்தின் முன்னறைதான் மருத்துவமனை. காலை ஒன்பது மணிக்குள் வரிசை தெருவுக்கு வந்துவிடும். டாக்டருக்கு முப்பது வயதிருக்கலாம். நல்லவர். அதட்ட மாட்டார், ஆனால் வேகம் அதிகம். பன்னிரண்டரைக்குள் எழுபது பேரைப் பார்த்தாக வேண்டுமே. அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி எனக்கு. எதிரே பெஞ்சில் நோயாளி. அவர்கள் என்னிடம் சொல்வார்கள், நான் டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்வேன். அவர் சொல்வதைத் திரும்பத் தமிழில் சொல்வேன்.

முதல் இரண்டு வாரம் அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ், எங்கள் வீட்டுத் தமிழோடு ஒட்டவே ஒட்டாது. பிறகு பழகிவிட்டது. ஒரு மாதத்தில் நானே "என்ன செய்யிது? எங்க வலிக்கு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்தால், "அப்படியே குளிக்கற ரூமுக்குப் போ, எதையும் தொடாதே" என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிடுவாள். குளித்துவிட்டு வந்து, நானே எழுபது பேருக்கு வைத்தியம் பார்த்த மாதிரிக் கதை அளப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். அப்படியும் கூட்டம் குறையவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எண்ணெய் டின்களைச் சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் போட்டுக் கழுவும் பட்டறையில் அவளுக்கு வேலை. கைகளில் தோல் உரிந்திருந்தது. நான் கைக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் என் பக்கம் குனிந்து, டாக்டருக்குக் கேட்காத குரலில், மூச்சு விடாமல் சொன்னாள். "எம்மா, எனக்கு நாளு தள்ளிப்போயி ஒண்ணரை மாசம் ஆச்சு. பிள்ளதான்னு நெனச்சேன். இப்ப நாலு நாளா கொஞ்சங் கொஞ்சமாத் தீட்டுப் படுது. நிக்கவும் இல்ல, நல்லா வரவும் இல்ல. அடிவயித்துல ஒரு பக்கமா குத்துது, அந்தப் பக்கத்துக் காலத் தூக்க முடியல. டின்னத் தூக்குனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நேத்துலேருந்து தோள்பட்டை வேற வலிக்கு. வயித்துக்கும் தோளுக்கும் என்ன சம்மந்தம்னு கேட்டுச் சொல்லு."

இவ்வளவையும் நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. மொழியில் ஒரு கோளாறும் இல்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வாய் திறந்தது. "வயிற்றுவலி, தலைசுற்றல். நாலு நாளாக" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் அம்மாவோ நானோ பால்கனிப் பக்கம் தனிப் பாயில் உட்கார்ந்திருப்போம். தட்டு தனி, டம்ளர் தனி. இரண்டு அறை வீட்டில் இதை எங்கே மறைப்பது? அப்பாவுக்கும் தெரியும், அண்ணன்களுக்கும் தெரியும். அப்பா அந்த மூன்று நாளும் தானே சாதம் வடிப்பார். ஆனால் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். யாராவது கேட்டால் 'ஆத்துல இல்லை', அதாவது வீட்டில் இல்லை, என்பதோடு சரி. பால்கனியில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துக்கொண்டே 'ஆத்துல இல்லை' என்பார்கள்! அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், முப்பது வயது ஆண்பிள்ளை முகத்தைப் பார்த்து அந்தச் சமாசாரத்தை எப்படிச் சொல்வாள்? இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். பயாலஜி புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நாக்கில்தான் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ விட்டுப்போனது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். டாக்டர் கெட்டிக்காரர். பேனாவை வைத்துக்கொண்டு, "பீரியட்ஸ்?" என்று கேட்டார்.

நேராகக் கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நார்மல், டாக்டர்" என்றேன்.

அவர் அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு மிக்ஸ்சரும் மாத்திரையும் கொடுத்தார். அவள் எழுந்து போகும்போது, "தோளுக்கு என்ன சொன்னாவ?" என்று என்னைக் கேட்டாள். "மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடுமாம்" என்றேன். அடுத்த ஆள் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை அவள் பட்டறையில் டின் அடுக்குக்கு நடுவே சுருண்டு விழுந்துவிட்டாள். பட்டறைக்குப் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள் புடவையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிறு முழுக்க ரத்தம். தோள் வலித்ததும் அந்த ரத்தம் உள்ளே கசிந்ததால்தானாம். உடனே ஆபரேஷன். பிழைத்தது அந்த மராட்டிக்கார அம்மாள் புண்ணியம்.

இது எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. டாக்டரே சொன்னார். அவருக்கு மனசு ஆறவே இல்லை. நாலு நாளாக ரத்தப்போக்கு இருந்திருக்கிறது, நான் கேட்டும் அவள் சொல்லவில்லை, இந்தப் பெண்கள் ஏன் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள், உன் மாதிரி ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தும் மறைக்கிறார்களே என்று என்னிடமே வருத்தப்பட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கம்பவுண்டரும்தான். சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம். ஆனால் எனக்குக் காகிதம் வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. "பாவம்" என்று மட்டும் சொன்னேன். ரேடியோ அதற்குமேல் பேசவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அவள் காய்ச்சல் மருந்துக்காக வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "க்யோன் சுப்பாயா?" என்று இந்தியில் நேராக அவளையே கேட்டார். ஏன் மறைத்தாய் என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, அவளுக்குப் புரியும்படி சொல், டாக்டரிடம் மறைத்தால் உயிர் போய்விடும் என்று சொல் என்றார்.

நான் சொன்னேன். அந்தப் பேச்சை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். "டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது கத்துவாள், குட்டு உடைந்துவிடும் என்று பயந்து அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு மூன்று முறை வந்தாள். என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்தார். 'பொறுமையும் நேர்மையும் உள்ள பெண். இவர் உதவியில்லாமல் இங்கே வரும் தமிழ்ப் பெண்களின் துன்பம் எனக்குத் தெரிந்திருக்காது' என்று இருந்தது. அப்பா அதை நாலு முறை படித்துவிட்டு, பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

ஜூன் மாதம் நேர்முகத் தேர்வு. பம்பாயிலேயே கோட்டைப் பக்கம் ஒரு கட்டடத்தில் நடந்தது. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, சர்ட்டிபிகேட் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். உள்ளே ஐந்து பேர். பாட்டு சர்ட்டிபிகேட்டை யாரும் தொடவில்லை. டென்னிகாய்ட் கோப்பையைப் பற்றி ஒருவர் சிரித்தார். இரண்டாம் மாடி மாமா சொன்னபடியே, நடுவில் இருந்தவர் டாக்டரின் கடிதத்தை எடுத்துப் படித்தார். அவர்களில் ஒரே பெண்மணி, வயதானவர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அங்கே பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லு என்றார்.

இதற்குப் பதில் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். சொறி சிரங்கு வந்த ஒரு குடும்பம், சுத்தம், சுகாதாரம் என்று அழகாக மனப்பாடம். ஆனால் வாய் திறந்ததும் வந்தது டின் கழுவும் பெண்ணின் கதை. பத்து மாதமாக உள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தது, கேட்டதும் வெளியே வந்துவிட்டது. ஒன்றரை மாதம் தள்ளிப்போனது, ரத்தப்போக்கு, ஒரு பக்க வலி, தோள்வலி எல்லாவற்றையும் தங்குதடையில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள் என்று முடித்தேன். நடுவில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லவில்லை.

ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர், அப்படியானால் நீ இதை டாக்டரிடம் எடுத்துச் சொன்னதால்தான் அவர் நேரத்தில் அனுப்பினார், இல்லையா என்று கேட்டார்.

"யெஸ், சார்."

அந்தப் பெண்மணி தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். வெளியே வந்ததும் அப்பா, "எப்படிடி?" என்றார். "நன்னா பண்ணினேம்ப்பா" என்றேன். அவர் அன்று எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அதைத் தொடாமல் வைத்துவிட்டேன். சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அந்த நாளில் என் வாயிலிருந்து உண்மை வருவதே கஷ்டமாகிவிட்டது.

ஜூலை முதல் வாரம் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! கட்டடமே மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தது. இரண்டாம் மாடி மாமா தனக்கே சீட் கிடைத்த மாதிரி வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார்.

ஒரு பெட்டி பேடா வாங்கிக்கொண்டு மறுநாள் நான் தாராவிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை. டாக்டரைப் பார்க்கவும் போகவில்லை. அவள் வேலை செய்யும் பட்டறையைத் தேடிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும், நிம்மதியாக ரயில் ஏறலாம் என்று கணக்குப் போட்டேன். பாருங்கள், அப்போதும் எனக்காகத்தான்.

அவள் பட்டறை வாசலில் டின்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பேடாவைக் கொடுத்து, சீட் கிடைத்ததைச் சொன்னேன். "நல்லாருமா" என்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை, அவர் கேட்டும் சொல்லவில்லை, கூச்சமாக இருந்தது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"நான் அம்புட்டு நேரம் சொன்னேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்ட. எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னா காதும் கேக்காதாக்கும்? ஆஸ்பத்திரியில முழிச்சதுமே தெரிஞ்சு போச்சு, நீ சொல்லலன்னு."

"அப்புறம் ஏன் அக்கா டாக்டர் உங்களை ஏசினபோது நீங்க ஒண்ணும் சொல்லலை?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். "யாரு மூலமாச் சொல்ல? அவருக்கும் எனக்கும் நடுவுல நீதான ஒக்காந்திருக்க. ஒன் மேல புகார் சொல்லணும்னாலும் அத ஒன் வாயாலதான சொல்லணும்? நீ சொல்லுவன்னு ஒவ்வொரு மட்டமும் வந்து பாத்தேன். சொல்லல."

நான் பேடா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குக் கோபம் இப்போதுதான் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "செத்துப் பொழச்சது கெடக்கட்டும். டாக்டரே சொல்லிட்டாரு, நான் மறைச்சேன்னு. அது நாங்க குடியிருக்க வளவு முழுக்கப் பரவிட்டு. எங்க வீட்டுக்காரரு தெனமும் அதையே சொல்லிக் காட்டுதாரு. பிள்ளையத் தின்னவ, வாயத் தொறந்து சொல்லாம பிள்ளையத் தின்னவன்னு. நான் வாயத் தொறந்து சொன்னவ. எனக்கு ஒன் அழுகையும் வேண்டாம், பேடாவும் வேண்டாம். நான் சொன்னேன்னு டாக்டருட்டச் சொல்லு. அது போதும்."

கையிலிருந்த பேடாவைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பயம்தான். டாக்டரிடம் சொன்னால் அவர் கடிதத்தைத் திரும்பக் கேட்கலாம். கல்லூரிக்கு எழுதிப் போடலாம். கிடைத்த இடம் போய்விடும். அப்பா இந்த வயதில் தலைகுனிந்து ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கும். பத்து நாளில் ரயில். வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கிளம்பிவிடலாம் என்றுதான் சனிக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியோ கால் தாராவிப் பக்கம் நடந்தது. நல்ல எண்ணம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அவள் அந்தப் பேடாவைத் திரும்ப வைத்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

கடைசி நோயாளி போனதும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவிலேயே சொன்னேன். நேர்முகத் தேர்வில் சொன்ன 'யெஸ், சார்' உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்துபோய் அலமாரியில் அட்டைக் கட்டைத் தேடினார். அவளுடைய அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். 'பீரியட்ஸ் நார்மல்' என்று அவர் கையெழுத்து. அதைக் குறுக்கே அடித்தார். 'நோயாளி எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் வந்து சேரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, போய் அவளை அழைத்துவா, கணவனையும் அழைத்துவா என்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, நான் பார்த்ததை எழுதினேன், பார்க்காததை நீதான் சுமக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் பெஞ்சில், டாக்டர் நாற்காலியில், நான் பழையபடி முக்காலியில். டாக்டர் அவளைப் பார்த்து, நீ சொன்னாய், எனக்குச் சொல்லப்படவில்லை, விசாரிக்காமல் உன்னைக் கடிந்துகொண்டது என் தப்பு என்றார். அவள் கணவனைப் பார்த்து, இவள் எதையும் மறைக்கவில்லை, மறைத்தது இந்தப் பெண் என்றார். இதெல்லாம் இங்கிலீஷில். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். 'மறைத்தது இந்தப் பெண்' என்பதையும் நானே, என் நெஞ்சில் விரலை வைத்துச் சொன்னேன். அந்த மனிதர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர், அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேள் என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒரு கொழாய எடுத்துட்டாவ. மாசா மாசம் தீட்டு ஒழுங்கா வருது, மூணு நாளு படுது, வலி இல்ல. எனக்கு இனிமே பிள்ள தங்குமான்னு கேளு. நான் சொன்ன மாதிரியே கேளு."

அவள் சொன்ன மாதிரியே கேட்டேன். தீட்டு, மூன்று நாள், குழாய், பிள்ளை என்று எல்லாவற்றையும் டாக்டர் முகத்தைப் பார்த்து, அவள் கணவன் எதிரிலேயே கேட்டேன். நாக்கு எங்கேயும் இடறவில்லை.

இன்னொரு குழாய் இருக்கிறது, தங்கலாம், ஆனால் நாள் தள்ளிப்போனால் முதல் வாரமே வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். அதைச் சொன்னதும் அவள் முதல் முறையாக அழுதாள். கணவன் அவள் தோளில் கைவைக்கப் போய், எங்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. போகும்போது, "நல்லாப் படி" என்றாள். அடுத்த வருஷம் லீவில் வந்து விசாரித்தபோது, அவர்கள் விக்ரோலிப் பக்கம் குடிபோய்விட்டார்கள் என்றார்கள். பிள்ளை தங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கல்லூரிக்கு நான் எழுதவே இல்லை. படிக்கும்போது இரண்டு முறை எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்பதோடு பேனா நின்றுவிட்டது. அன்று எனக்கு முன்னும் பின்னும் வந்தவர்களில் யாரோ ஒருவருக்குப் போக வேண்டிய இடத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன் என்பதை அறுபது வருஷம் கழித்து இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்த்தேன். அம்மாவோ, மாமியாரோ, கணவனோ கூட வந்து, நோயாளிக்குப் பதிலாக அவர்களே "ஒண்ணுமில்ல டாக்டர், எல்லாம் நார்மல்தான்" என்று சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் அப்படியே எழுதிக்கொண்டதில்லை. பேசியவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பேசாமல் இருந்தவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "நீ சொல்லும்மா, நான் கேட்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கூச்சம் அவளைக் குறித்தது இல்லை, அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் குறித்தது.